தவறிய நாளுக்கு என்ன விலை? மலையகத்தில் பளுப் பயிற்சி தொடங்குபவர்களுக்கு ஓர் ஒப்பீடு

பளுப் பயிற்சியைத் தொடங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, எந்தத் திட்டத்தில் உடம்பு சீக்கிரம் ஏறும் என்பதைத்தான். இலங்கை மலையகத்தில், ஹட்டனிலோ பண்டாரவளையிலோ இருந்துகொண்டு இதைக் கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பது வேறு: ஒரு நாள் போக முடியாமல் போனால் அந்தத் திட்டம் என்ன ஆகும்?

போக முடியாமல் போகும் என்பதில் சந்தேகமே வேண்டாம். மே தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மஸ்கெலியா, நோர்வூட், தலவாக்கலைப் பக்கத்தை விடாது. ஊவா தப்பித்தது என்று நினைத்தால், ஆண்டுக் கடைசியில் வடகீழ்ப் பருவமழை பதுளையையும் பசறையையும் பிடித்துக்கொள்ளும். மண் சரிந்தால் பாதை மூடும். பாதை மூடினால் பஸ் இல்லை. டிசெம்பர் முதல் மே மாத வெசாக் வரை சிவனொளிபாத மலை யாத்திரைப் பருவம், ஹட்டன் பஸ் நிலையத்தில் கால் வைக்க இடம் இருக்காது. மாசியில் காமன் கூத்து, ஏப்ரலில் நுவரெலியாவின் வசந்த காலக் கூட்டம், பிறகு கோவில் தேர், தீபாவளி. இடையிடையே தேயிலைத் தோட்டத்தில் ஒரு கல்யாணம், ஒரு சாவு. எதற்கும் போகாமல் இருக்க முடியாது, இருக்கவும் கூடாது.

ஆகவே கீழே வரும் ஒவ்வொரு வழியையும் அதன் நல்ல வாரத்தை வைத்து அளக்கப் போவதில்லை. எல்லாமே ஒழுங்காக நடக்கும் வாரத்தில் எந்தத் திட்டமும் வேலை செய்யும். மோசமான வாரத்தில் எது குறைந்த சேதத்தோடு தப்புகிறது என்பதுதான் என் அளவுகோல்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். இங்கே திட்டம் என்று நான் சொல்வது, அடுத்த முறை எந்தப் பயிற்சி, எத்தனை கிலோ, எத்தனை தடவை என்பது இன்றைக்கே நோட்டில் எழுதப்பட்டிருப்பதை. ஜிம்முக்குள் நுழைந்த பிறகு எந்த இயந்திரம் காலியாக இருக்கிறது என்று பார்த்துத் தொடங்குவது உடற்பயிற்சிதான், அதனால் நன்மையும் உண்டு. ஆனால் அதைத் திட்டம் என்று சொல்ல முடியாது. புதியவருக்கு இந்த வேறுபாடு மிகவும் முக்கியம். ஏனென்றால் முதல் சில வாரங்களில் ஏறும் பலத்தில் பெரும்பகுதி தசை பருத்ததால் வருவதில்லை. நரம்புகள் அந்த அசைவைப் பழகிக்கொண்டதால் வருவது. 1979லேயே மொரிடானி, டிவ்ரீஸ் என்ற ஆய்வாளர்கள் இதை அளந்து காட்டினார்கள். பழகவேண்டியது ஓர் அசைவு என்றால், அதை அடிக்கடி செய்ய வேண்டும், சிறிது சிறிதாகக் கனம் கூட்டிச் செய்ய வேண்டும். தினம் ஒன்றாக மாற்றிக்கொண்டிருந்தால் நரம்புக்கு எதுவும் பாடமாகாது.

டவுன் ஜிம்மின் ஷெடியூல் அட்டை

மலையகத்தில் பெரும்பாலானோர் தொடங்கும் இடம் இதுதான். பணம் கட்டியதும் மாஸ்டர் ஓர் அட்டையை நீட்டுவார். திங்கள் நெஞ்சு, செவ்வாய் முதுகு, புதன் தோள், வியாழன் கால், வெள்ளி கை, சனி வயிறு. ஒவ்வொரு நாளுக்கும் ஐந்தாறு பயிற்சி, ஒவ்வொன்றும் மூன்று செட் (இடையில் ஓய்வு விட்டுச் செய்யும் சுற்று), செட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை. கிலோ எழுத வேண்டிய கட்டம் காலியாக இருக்கும். அந்தக் காலிக் கட்டத்தைக் கவனியுங்கள். அட்டையின் குறை முழுவதும் அதில்தான் இருக்கிறது. என்ன செய்வது என்று அட்டை சொல்கிறது, எப்போது கூட்டுவது என்று சொல்வதில்லை. மூன்று மாதம் கழித்தும் அதே பையன் அதே பத்துக் கிலோ டம்பெல்லை, இன்னும் கொஞ்சம் ஸ்டைலாகத் தூக்கிக்கொண்டிருப்பான்.

ஒரு திங்கட்கிழமை மாலை போய்ப் பாருங்கள். பெஞ்ச் பிரஸ் பலகை, அதாவது படுத்துக்கொண்டு பாரை (தட்டு மாட்டும் நீள இரும்புத் தண்டை) நெஞ்சுக்கு மேலே தள்ளும் பலகை, ஒன்றோ இரண்டோதான் இருக்கும். ஊரில் உள்ள எல்லோருக்கும் திங்கள் நெஞ்சு நாள். ஒருவன் படுத்திருப்பான், தலைமாட்டில் நண்பன் நின்றுகொண்டு பாரில் பாதியைத் தானே தூக்கிவிடுவான், இன்னும் நான்கு பேர் கைப்பேசியோடு காத்திருப்பார்கள். மூலையில் ஸ்குவாட் ரேக் இருக்கும், பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட் பயிற்சிக்கான தாங்கி. அதன் கம்பியில் யாருடையதோ நனைந்த ஜாக்கெட் காயும். வியாழக்கிழமைக் கால் நாளுக்கும் மழைக்கும் ஏதோ ரகசிய ஒப்பந்தம் இருப்பது போல, அன்றைக்கு மட்டும் கூட்டம் கரைந்துவிடும்.

இப்போது நம் அளவுகோலை வைத்துப் பார்ப்போம். வியாழன் ஒன்று தவறினால் காலுக்கு அடுத்த முறை வருவது இரண்டு வாரம் கழித்து. தவறியதை விடாமல் வரிசைப்படி செய்கிறேன் என்றால், வாரம் நான்கு நாள் மட்டுமே வர முடிகிற ஒருவருக்கு ஆறு நாள் சுற்று முடிய பத்து நாளுக்கு மேல் ஆகும். ஒரு மாதத்தில் ஸ்குவாட் செய்வது மூன்று தடவையோ நான்கு தடவையோதான். ஒரு புதிய அசைவைப் பழக அது போதாது. இந்த வகைப் பிரிப்பு பல வருடம் பயிற்சி செய்தவர்களுக்கு ஏற்றது. அவர்களுக்கு ஒரு தசைக்குத் தேவையான வேலை அளவு அதிகம், அதை ஒரே நாளில் எல்லாத் தசைக்கும் கொடுக்க நேரம் இல்லை. தொடங்குபவருக்கு அந்தச் சிக்கலே கிடையாது.

ஆனாலும் அட்டைக்கு ஒரு பலம் உண்டு, அதை மறைப்பது நியாயமில்லை. அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். இரண்டு நாள் போகாவிட்டால் "தம்பி, எங்கே ஆளையே காணோம்?" என்று கேட்க ஒருவர் இருப்பார். நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து போனால் சோம்பல் வரும் நாளில் ஒருவர் மற்றவரை இழுத்துப் போவார். பலரை முதல் மூன்று மாதம் தாங்கிப் பிடிப்பது இந்தக் கூட்டுதான். அதே ஜிம்முக்குப் போங்கள், அதே நண்பர்களோடு போங்கள், அட்டையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள் என்பதே என் வாதம். மாஸ்டரிடம் மரியாதையாகச் சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார். "முழு உடம்புக்கும் மூன்று நாள் செய்து பார்க்கிறேன் அண்ணே, ஸ்குவாட் நான் சரியாக இறங்குகிறேனா என்று மட்டும் பாருங்கள்" என்றால் போதும்.

மூன்று நாள் பார்பெல்

உலகம் முழுவதும் புதியவர்களுக்குச் சொல்லப்படும் திட்டங்களில் அதிகம் பேர் அறிந்தது ஸ்ட்ராங்லிஃப்ட்ஸ் 5×5. இரண்டே பாடங்கள். முதல் நாள் ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், குனிந்து பாரை வயிற்றுக்கு இழுக்கும் ரோ. அடுத்த நாள் ஸ்குவாட், தலைக்கு மேல் தூக்கும் பிரஸ், தரையில் கிடக்கும் பாரைப் பிடித்து நிமிரும் டெட்லிஃப்ட். ஒவ்வொன்றும் ஐந்து செட், ஐந்து தடவை; டெட்லிஃப்ட் மட்டும் ஒரே செட். இந்த இரண்டையும் மாற்றி மாற்றி, ஒரு நாள் இடைவெளி விட்டு, வாரம் மூன்று முறை. ஐந்து செட்டும் முழுதாக முடிந்தால் அடுத்த முறை இரண்டரைக் கிலோ கூட்ட வேண்டும். ஒரே கனத்தில் மூன்று முறை தோற்றால் பத்து வீதம் குறைத்து மறுபடி ஏற வேண்டும். இவ்வளவுதான் சட்டம்.

வெறும் பாரிலிருந்து, அதாவது 20 கிலோவிலிருந்து, தொடங்கினால் ஸ்குவாட் வாரத்துக்கு ஏழரைக் கிலோ ஏறும். காகிதக் கணக்கில் 12 வாரத்தில் நூறு கிலோவைத் தாண்ட வேண்டும். காகிதத்தில் மழை பெய்வதில்லை. நடைமுறையில் பலர் அதற்கு முன்பே ஓரிடத்தில் நிற்பார்கள், பத்து வீதம் இறங்குவார்கள், திரும்ப ஏறுவார்கள். அதில் வெட்கம் எதுவும் இல்லை, அந்த இறக்கமும் திட்டத்தில் எழுதப்பட்டதுதான்.

இதில் ஒரு நாள் தவறினால் என்ன ஆகிறது? ஒன்றும் ஆவதில்லை. செவ்வாய் செய்ய வேண்டியதைப் புதன் செய்யலாம். எந்தப் பாடம் விட்டதோ அதிலிருந்து தொடரலாம். ஒவ்வொரு நாளும் கால், முதுகு, நெஞ்சு மூன்றும் வேலை செய்வதால் எந்த உறுப்பும் பதினைந்து நாள் பட்டினி கிடக்காது. மழை வாரத்தில் மூன்று நாள் இரண்டாகச் சுருங்கினாலும் மாதத்துக்கு எட்டு ஸ்குவாட் நாள் கிடைக்கும். ஆறு நாள் அட்டையை ஒரு நாள்கூட விடாமல் செய்பவனுக்கே நான்குதான் கிடைக்கும்.

குறை இல்லாமல் இல்லை. முதலாவது நேரம். தொடக்கத்தில் முக்கால் மணியில் முடியும். ஸ்குவாட் கனக்கத் தொடங்கியதும் செட்டுகளுக்கு நடுவே மூன்று நிமிடம், சில நாள் ஐந்து நிமிடம் ஓய்வு தேவைப்படும். சூடேற்றும் செட்டுகளையும் சேர்த்தால் ஸ்குவாட்டுக்கு மட்டுமே அரை மணி போய்விடும். மூன்று பயிற்சியும் முடிய ஒன்றேகால் மணிக்கு மேல். பொகவந்தலாவைக்கோ அக்கரப்பத்தனைக்கோ கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவருக்கு இது விளையாட்டல்ல. இதற்குத் தீர்வு மிகவும் எளிது: ஐந்து செட்டை மூன்றாக்குங்கள். மூன்று செட், ஐந்து தடவை என்பதும் நெடுங்காலமாகப் புதியவர்களுக்குச் சொல்லித்தரப்படும் முறைதான். கனம் ஒவ்வொரு முறையும் கூடும் வரை, செட் எண்ணிக்கை குறைவதால் தொடங்குபவர் பெரிதாக எதையும் இழக்க மாட்டார். பஸ்ஸையும் இழக்க மாட்டார்.

இரண்டாவது குறை தட்டுகள். இரண்டரைக் கிலோ கூட்ட வேண்டுமானால் பக்கத்துக்கு 1.25 கிலோ தட்டு வேண்டும். சின்ன டவுன் ஜிம்களில் அது இருக்காது, அல்லது ஒன்று இருக்கும், இணை காணாமல் போயிருக்கும். கையிருப்பில் மிகச் சிறியது இரண்டரைக் கிலோத் தட்டு என்றால் ஒவ்வொரு தாவலும் ஐந்து கிலோ. நூறு கிலோ ஸ்குவாட்டில் ஐந்து கிலோ ஐந்து வீதம்தான், சமாளிக்கலாம். 20 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கும் ஒரு பெண்ணுக்கு அதே ஐந்து கிலோ இருபத்தைந்து வீதம். அவர் அடுத்த வாரமே தோற்பார், தோற்றது தன் பலவீனம் என்று நினைப்பார். குற்றம் தட்டில் இருக்கிறது. ஒரு சோடி சிறிய தட்டுகளைச் சொந்தமாக வாங்கிப் பையில் வைத்துக்கொள்வது என் கணக்கில் எந்தப் புரோட்டீன் டப்பாவையும் விடப் பயனுள்ள செலவு. அது முடியாதென்றால் கனத்தைக் கூட்டாமல் தடவையைக் கூட்டுங்கள்: ஐந்து, ஆறு, ஏழு, எட்டு வரை போய், பிறகு ஐந்து கிலோ ஏற்றி மறுபடி ஐந்திலிருந்து தொடங்குங்கள். வேகம் குறையும், பாதை மூடாது.

பாரின் எடையையும் ஒரு முறை விசாரித்துவிடுங்கள். நியமப்படி ஆண்களுக்கான ஒலிம்பிக் பார் 20 கிலோ, பெண்களுக்கானது 15. உள்ளூர்ப் பட்டறையில் செய்த பார்கள் எந்தக் கணக்குக்கும் வராது. எடை எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, எப்போதும் அதே பாரில் செய்தால் நோட்டுக் கணக்கு பொய்யாகாது.

நுவரெலியாக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 1,868 மீட்டர் உயரத்தில் பலப் பயிற்சிக்குத் தனி ஏற்பாடு எதுவும் தேவையில்லை. காற்று மெலிந்தது என்ற சாக்கு இங்கே செல்லாது. குளிர்தான் உண்மையான விஷயம். காலை ஐந்தரைக்கு அந்தப் பாரைப் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெறும் பாரோடு இரண்டு செட், பிறகு இரண்டு மூன்று படியாக ஏறி அன்றைய கனத்துக்கு வாருங்கள். பத்து நிமிடம் போகும், போகட்டும்.

இரண்டு நாள் போதுமா?

போதும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல் பெரியவர்களுக்குச் சொல்வது, வாரத்தில் இரண்டு நாளாவது பெரிய தசைகள் அனைத்துக்கும் பலப் பயிற்சி. தொடங்குபவர்களுக்கு முழு உடம்புப் பயிற்சி வாரம் இரண்டு அல்லது மூன்று நாள் என்பதுதான் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் பரிந்துரையும். மூன்று நாள் திட்டத்தை எடுத்து மாதம் பாதி நாள் தோற்பதைவிட, இரண்டு நாளை எடுத்து அநேகமாக எப்போதும் வெல்வது மனத்துக்கு நல்லது. பாடசாலை ஆசிரியர், வங்கி ஊழியர், பிரதேச செயலகத்தில் வேலை செய்பவர், கடையில் நிற்பவர் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். நாட்களைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்று எப்படியும் டவுனுக்கு வரும் நாளாக இருக்கட்டும். சந்தைக்கு வரும் நாள், சம்பளம் எடுக்க வரும் நாள், பிள்ளையை வகுப்பில் விட்டுக் காத்திருக்கும் நாள். தனியாக ஒரு பயணம் போட வேண்டிய பயிற்சி நாள்தான் முதலில் விழும்.

ஏற்றம் மெதுவாகத்தான் இருக்கும். வாரத்துக்கு ஏழரைக் கிலோ என்பது ஐந்தாகும். இரண்டு வருடக் கணக்கில் பார்த்தால் அந்த வித்தியாசம் யாருக்கும் நினைவில் இருக்காது.

வீட்டில், இஸ்தோப்பில்

டவுனுக்கு ஒரு மணி நேரம் தள்ளியிருக்கும் தோட்ட டிவிசனில் (தோட்டத்தின் ஒரு பிரிவில்) வாழ்பவரிடம் ஜிம்முக்குப் போ என்று சொல்வது எளிது. பஸ் காசு, ஜிம் காசு, திரும்பும்போது இருட்டு. பெண் பிள்ளை என்றால் அந்த இருட்டின் கணக்கே வேறு. இவர்களுக்கு வீட்டுப் பயிற்சி இரண்டாந்தரம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் அதற்கும் திட்டம் வேண்டும். தண்டால் எத்தனை எடுக்க முடியுமோ அத்தனை எடுப்பது திட்டமாகாது.

இட நெருக்கடி உண்மையானது. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஓர் அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதில் ஐந்து பேர் வாழும்போது தரையில் படுத்துப் பயிற்சி செய்ய ஒரு மூலை கேட்பதே கூச்சம். வீட்டு முன் திண்ணையான இஸ்தோப்பு கைகொடுக்கும், பாயளவு இடம் போதும். கூரை விட்டத்தில் தொங்கிப் புல்-அப் எடுக்கும் ஆசையை மட்டும் கைவிட்டுவிடுங்கள். அந்த மரங்களின் வயது யாருக்கும் தெரியாது, கீழே விழுவது நீங்கள் மட்டுமாக இருக்காது. உறுதியான கொய்யாக் கிளை, கோவில் திடலில் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் போட்ட இரும்புக் கம்பி, அதுவும் இல்லையென்றால் கனமான மேசைக்கு அடியில் படுத்து அதன் விளிம்பைப் பிடித்து நெஞ்சை மேலே இழுப்பது.

கனத்துக்கு மணல் மூடை. கழுவிக் காயவைத்த உரப் பையில் மணலை அளந்து போடுங்கள். ஐந்து ஐந்து கிலோவாகப் பொலித்தீன் பைகளில் கட்டி, அவற்றை உரப் பைக்குள் அடுக்குவதுதான் சரியான முறை. அப்போது ஒரு பொட்டலத்தைச் சேர்த்தாலோ எடுத்தாலோ கனம் தெரியும். கடையில் ஒரு முறை நிறுத்துக்கொண்டால் போதும். பொலித்தீன் இல்லாமல் வெறும் மணலைக் கொட்டினால் ஆடி மாத மழையில் மணல் ஈரம் இழுத்து, உங்களுக்குத் தெரியாமலே மூடை கனத்துவிடும். இருபத்தைந்து கிலோ என்று நினைத்துத் தூக்குவது முப்பதாக இருக்கும். மூடையைத் தரையிலிருந்து மார்புக்கு ஏற்றுவது, மார்போடு அணைத்து ஸ்குவாட் செய்வது, தோளில் போட்டு நடப்பது. இந்த மூன்றும் பார்பெல்லுக்கு நல்ல மாற்று. பார் போலப் பிடி இல்லாததால் முதுகும் முன்கையும் கூடுதலாக வேலை செய்யும்.

ஏற்றுவது எப்படி? எட்டுத் தடவையில் தொடங்கி மூன்று செட். மூன்று செட்டிலும் பன்னிரண்டு வந்ததும் ஒரு படி கடினமாக்குங்கள். தண்டாலில் கடினமாக்குவதென்றால் சுவரிலிருந்து மேசைக்கு, மேசையிலிருந்து தரைக்கு, பிறகு காலைப் படியில் வைத்து. ஸ்குவாட்டில் பொட்டலம் கூட்டுவது. கூட்டி முடிந்ததும் பின்காலை நாற்காலியில் வைத்து ஒற்றைக் காலில் இறங்குவது. கடையில் சோடியாக விற்கும் டம்பெல் செட் கைக்கும் தோளுக்கும் நெடுநாள் போதும். கால் அதைச் சில மாதத்தில் தாண்டிவிடும். அதனால் டம்பெல் வாங்கியவர்களுக்கும் மூடையை விட்டு விடுதலை இல்லை.

வீட்டுப் பயிற்சியில் தவறிய நாளுக்கு விலையே இல்லை, அதுதான் அதன் பெரிய ஆபத்து. நாளைக்குச் செய்யலாம். நாளை மறுநாளும் மூடை அங்கேயே இருக்கும். பணம் கட்டவில்லை, யாரும் தேட மாட்டார்கள். மூன்று வாரம் ஓடியது மூடையில் பூனை குட்டி போட்ட பிறகுதான் தெரியும். ஆகவே வீட்டுக்காரர் ஜிம்காரரைவிடக் கண்டிப்பாக இருக்க வேண்டிய இடம் நோட்டும் நேரமும். செவ்வாய், வெள்ளி, தேத்தண்ணீர் குடித்தவுடன் என்று ஏற்கெனவே நடக்கும் ஒன்றோடு கட்டிவிடுங்கள். பக்கத்து லயத்தில் ஒரு துணை கிடைத்தால் இன்னும் நல்லது.

"நாள் முழுக்க மலையில்தானே நிற்கிறேன்?"

கொழுந்து பறிக்கும் அக்காமாரிடம் இந்தப் பேச்சை எடுத்தால் சிரிப்பார்கள். சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போனதிலிருந்து சாயங்கால நிறுவை வரை சரிவில் ஏறி இறங்கி, தலைக் கயிற்றில் கூடையோ முதுகில் பையோ சுமப்பவருக்கு ஜிம் பையனைவிட மூச்சும் கெண்டைக்காலும் உறுதி. அவரிடம் போய் உடற்பயிற்சி போதாது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் அந்த வேலை உடம்பைத் தேய்க்கும் வகையில் அமைந்தது. சுமை மெல்ல மெல்லக் கூடி, பிறகு ஓய்வு கிடைக்கும் ஒழுங்கு அதில் இல்லை. ஒரே அசைவு ஆயிரக்கணக்கில் நடக்கிறது: கை முன்னால், தலை குனிந்து, சுமை பின்னால். இழுக்கும் தசைகளும் இடுப்பை மடக்கி நிமிர்த்தும் தசைகளும் முழுக் கனத்தை ஒருநாளும் காண்பதில்லை. நாற்பது தாண்டிய பெண்களுக்கு எலும்புத் தேய்மானமும் சேரும்போது பலப் பயிற்சியின் தேவை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

அதற்காக மூன்று நாள் 5×5ஐ அவர் தலையில் கட்டுவது மடமை. வேலைநாளின் களைப்பும் பயிற்சியின் களைப்பும் ஒரே பையில்தான் விழுகின்றன. இவருக்கு வாரம் இரண்டு தடவை, இருபது நிமிடம், மூன்றே பயிற்சி: மூடையைத் தரையிலிருந்து எடுப்பது, மேசை விளிம்பை இழுப்பது, சுவரிலோ மேசையிலோ தண்டால். ஒவ்வொன்றும் இரண்டு செட், களைக்கும் முன் நிறுத்த வேண்டும். ஸ்குவாட் தேவையில்லை, மலை அதைக் கொடுக்கிறது. கொழுந்து மண்டிக் கிடக்கும் வாரங்களில், ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசு வேலைக்கு (கையில் காசு தரும் கூடுதல் வேலைக்கு) போகும்போது, ஒரு நாளாகக் குறைத்துவிடலாம். தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்து வெட்டுகிற ஆண்களுக்கும் இதே கணக்கு. அவர்களுக்கு முன்கை ஏற்கெனவே களைத்திருக்கும், பிடிமானம் கேட்கும் பயிற்சியைக் கடைசிக்கு வையுங்கள்.

மற்றவை

யூடியூபில் தினம் ஒரு புதிய பயிற்சி பார்த்துச் செய்வது வியர்க்க வைக்கும், சலிப்புத் தட்டாது. இன்று செய்தது போன வாரத்தைவிடக் கூடியதா குறைந்ததா என்று மட்டும் எவருக்கும் தெரியாது. செயலிகள் பரவாயில்லை, கனத்தைக் கணக்கு வைக்க நல்லவை, ஒரு சாதாரண நோட்டுப் புத்தகமும் அதையே செய்யும். மாதத்துக்கு ஒரு முறை மட்டுமே கனம் கூட்டும் 5/3/1 போன்ற திட்டங்கள் நன்றாக யோசித்துக் கட்டப்பட்டவை, ஆனால் ஒவ்வொரு வாரமும் ஏறக்கூடிய புதியவர் அதை எடுத்தால் கிடைக்க வேண்டியதைக் கிடப்பில் போடுகிறார். ஸ்குவாட் இரண்டு மூன்று முறை ஒரே இடத்தில் நின்று, பத்து வீதம் இறங்கி ஏறியும் அதே இடத்தில் நின்றால், அப்போது அந்தப் பக்கம் திரும்பலாம்.

சாப்பாட்டைப் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. பலப் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் வரை பயன் தருகிறது என்று 2018இல் வந்த தொகுப்பாய்வு காட்டியது. 60 கிலோ ஆளுக்கு அது 96 கிராம். ரொட்டியும் சம்பலும் அதைக் கொடுக்காது. பருப்பு, கடலை, முட்டை, நெத்தலி, சோயா மீட் ஆகியவை சேர்ந்தால் ஓரளவு நெருங்கலாம். இவற்றில் காசுக்கு அதிகம் புரதம் தருவது பெரும்பாலும் சோயாவும் பருப்பும்தான். நெருங்க முடியாவிட்டாலும் பயிற்சியை நிறுத்த வேண்டியதில்லை. புதியவரின் பலம் எப்படியும் ஏறும்.

நீண்ட இடைவெளி

ஒரு நாள் தவறுவது வேறு, மூன்று வாரம் தவறுவது வேறு. காமன் கூத்தில் வேடம் கட்டுபவர், உயர்தரப் பரீட்சைக்குப் படிப்பவர், பாதை மூடி வீட்டோடு இருப்பவர் எல்லோருக்கும் இது வரும். இங்கேதான் அதிகம் பேர் நிரந்தரமாக விடுகிறார்கள். விட்டது விட்டதுதான், இனிப் புது வருடத்தில் பார்க்கலாம் என்று.

இரண்டு ஆய்வுகள் தைரியம் தருகின்றன. லண்டன் யூனிவர்சிட்டி கொலேஜில் ஃபிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் ஒரு பழக்கம் படிய எவ்வளவு காலம் ஆகிறது என்று பார்த்தார்கள். சராசரி 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். நடுவே ஒரு நாள் தவறியது பழக்கம் படிவதைக் குறிப்பிடத்தக்க அளவில் கெடுக்கவில்லை. 2011இல் வெளியான மற்றோர் ஆய்வில், 16 வாரம் வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சி செய்தவர்கள் அதன்பின் 32 வாரம் அளவைக் குறைத்தார்கள். மூன்றில் ஒரு பங்காக, வாரம் ஒரு நாள் மட்டுமே செய்தபோதும் பெற்ற பலம் பெருமளவு நின்றது. பிடித்து வைப்பதற்கு, சம்பாதித்தபோது பட்ட பாட்டில் ஒரு பகுதி போதும். எனவே தீபாவளி மாதத்தில் வாரம் ஒரு நாள், இரண்டு செட் செய்தாலும் கையில் இருப்பது போகாது.

ஒரேயடியாக விட்டுப் போனால் திரும்பும்போது விட்ட கனத்தில் தொடங்காதீர்கள். ஒரு வாரம் விட்டால் அதே கனம், இரண்டு மூன்று வாரம் என்றால் பத்து முதல் இருபது வீதம் குறைவு, அதற்கு மேல் என்றால் பாதியிலிருந்து. பாதியிலிருந்து என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். இரண்டாவது ஏற்றம் முதல் ஏற்றத்தைவிட வேகமாக இருக்கும்.

யாருக்கு எது

டவுனிலேயே இருப்பவர், இருபதுகளில் இருப்பவர், மூட்டுத் தொல்லை இல்லாதவர்: மூன்று நாள் பார்பெல், மூன்று செட் ஐந்து தடவை. இதில் எனக்கு இரண்டு மனம் இல்லை. வேலையும் குடும்பமும் உள்ளவருக்கு அதே பாடங்களை இரண்டு நாளில். டிவிசனில் இருப்பவருக்கு மூடையும் தண்டாலும், மாதம் ஒரு முறை டவுனுக்கு வரும்போது ஜிம்மில் ஒரு நாள் கட்டணம் கொடுத்துக் கனமான பாரைத் தொட்டுப் பார்ப்பது. தோட்ட வேலை செய்பவருக்கு மேலே சொன்ன இருபது நிமிடம். இரத்த அழுத்தம், சீனி வருத்தம் (நீரிழிவு), குடலிறக்கம் உள்ளவர்களும் பிள்ளை பெற்று அதிக நாள் ஆகாதவர்களும் தொடங்கும் முன் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆறு நாள் ஷெடியூல் அட்டையை நான் யாருக்கும் சொல்வதில்லை, தினமும் ஜிம்முக்குப் போனால்தான் மனம் நிம்மதியாக இருக்கும் சில பேரைத் தவிர. அவர்களும் கிலோக் கட்டத்தை நிரப்பட்டும்.

ஜிம்தான் என்று முடிவானால், பணம் கட்டும் முன் ஒரு மாலை சும்மா போய்ப் பாருங்கள். ஸ்குவாட் ரேக்கில் பார் விழாமல் தாங்கும் குறுக்குக் கம்பிகள் இருக்கின்றனவா? இல்லையென்றால் தனியாகக் கனம் ஏற்றக் கூடாது. 1.25 கிலோத் தட்டு சோடியாக இருக்கிறதா? மழைநாளில் மின்சாரம் போனால் திறந்து வைப்பார்களா, பூட்டிவிடுவார்களா? போயா (பௌர்ணமி) விடுமுறையன்று எப்படி? பெண்களுக்குத் தனி நேரம் உண்டென்றால் அது பஸ் நேரத்தோடு ஒத்துப் போகிறதா? வருடச் சந்தாவுக்குக் கழிவு தருவதாகச் சொல்வார்கள். முதல் மூன்று மாதம் மாதமாதம் கட்டுங்கள். கொஞ்சம் கூடுதலாகப் போனாலும், அந்த ஜிம் உங்கள் வாரத்துக்கு ஒத்துவரவில்லை என்று தெரிந்தால் அடுத்த மாதமே வேறு வழிக்கு மாறலாம்.